வீட்டில் தோட்டா நிரப்புவது மனதுக்கு நிம்மதியா? ஒரு தம்பியின் கேள்விக்கு என் பதில்

டெக்சாஸில் புதிதாக .38 ஸ்பெஷல் என்கிற அளவுத் தோட்டா போடும் ரிவால்வர் வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போனால் ஒரு பெட்டி தோட்டா அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது, விலையும் கட்டுபடியாகவில்லை. சுட்ட கூட்டில் மறுபடி மருந்து அடைக்கிற ரீலோடிங்கை வீட்டிலேயே செய்கிறவர்கள், அது பணத்தையும் மிச்சம் பிடிக்கும், மனதுக்கும் நிம்மதி என்கிறார்கள். உண்மையா அண்ணா? வீடு வெடித்துவிடாதா? எதிலிருந்து தொடங்குவது?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். நிம்மதி என்பது முழு உண்மை. பணம் மிச்சமா என்பது நீங்கள் எந்தத் தோட்டா சுடுகிறீர்கள், எவ்வளவு சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீடு வெடிக்கும் என்ற பயம் தேவையில்லை, ஆனால் பயப்பட வேண்டிய இடம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது வீட்டில் இல்லை, ரேஞ்சில் உங்கள் முகத்திலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய அரசு உரிமம் தேவையில்லை. நிரப்பி விற்கத் தொடங்கினால் 06 வகை உரிமம் வேண்டும், நண்பருக்கு "செலவுக்காசு மட்டும் கொடு" என்று பெட்டி பெட்டியாகத் தருவதெல்லாம் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம்மவர்களுக்கு முக்கியம்: ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே குற்றம். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே கூடாது, ஆகவே ஊரிலிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தோட்டா என்றால் பறந்துபோகிற ஈயத்தை மட்டும் நினைக்காதீர்கள். முழுத் தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக, அடிபட்டதும் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கிற ஒரு பிரைமர், உள்ளே பவுடர், வாயில் பொருத்திய குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், பவுடர் எரிந்துவிடும், பிரைமர் வெடித்துத் தீர்ந்துவிடும், நாலில் விலை அதிகமான கூடு மட்டும் சூடாக அப்படியே கையில் மிஞ்சும். அதைக் குப்பையில் போட மனசு வராதவர்கள்தான் ரீலோடிங்குக்கு வருகிறார்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடப் போனவர்கள் இரவு முகாமில் ஈயம் உருக்கி வார்த்து, சுட்ட கூடுகளில் மறுபடி மருந்து அடைத்து, மறுநாளைக்குத் தயார் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பிரைமரில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1866 வாக்கில் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமர் கண்டுபிடித்தார்கள். எட்வர்ட் பாக்ஸர் ஆங்கிலேயர், ஹைரம் பெர்டன் அமெரிக்கர். ஆனால் ஐரோப்பா அமெரிக்கருடையதை எடுத்துக்கொண்டது, அமெரிக்கா ஆங்கிலேயருடையதை எடுத்துக்கொண்டது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவில் ஒரே துளை, ஒரு கம்பியை உள்ளே விட்டு அழுத்தினால் பழைய பிரைமர் வெளியே விழுந்துவிடும். பெர்டனில் நடுவில் ஒன்றும் இல்லாமல் ஓரமாக இரண்டு சின்னத் துளைகள், கம்பி போகாது. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு பரவியதற்கு அந்த ஒற்றைத் துளை ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். 2007-லிருந்து இதைச் செய்கிறேன். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்து வீடு அடங்கியபின்தான் ஆரம்பம். அதற்கு முந்தைய நாளே கூடுகளைச் மக்காச்சோளச் சக்கைத் தூளுடன் டம்ளரில் போட்டிருப்பேன், குடிக்கிற டம்ளர் இல்லை, மோட்டார் வைத்து அதிர்கிற ஒரு வட்டத் தொட்டி. இரண்டு மணி நேரம் கடகடவென்று அதிர்ந்தால் கரி எல்லாம் போய், நம் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கியது போல மின்னும். துணி காயவைக்கும் இயந்திரத்தில் போடுகிற வாசனைத் தாள் இருக்கிறதே, உபயோகித்துப் போட்டதில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே போட்டுவிட்டால் தூசியை எல்லாம் அது இழுத்துக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சாம்பல் நிறம் ஈயம். ஆகவே மூடியை வெளியில் வைத்துத் திறப்பேன், முகமூடி போட்டுக்கொண்டு.

அப்புறம் பிரெஸ், நெம்புகோலை இழுத்துக் கூட்டை அழுத்துகிற கருவி. என்னுடையது ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர், ஓ வடிவில் வார்த்த இரும்பு, தூக்கிப் பார்த்தால் அம்மிக்கல் மாதிரி கனக்கும். ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர் 1943-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கிய கம்பெனி அது. இது ஒற்றை நிலை பிரெஸ், அதாவது ஒரு சமயத்தில் ஒரு டை (கூட்டுக்கு வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு), ஒரு கூடு, ஒரு வேலை. முதல் டையில் கூட்டை ஏற்றினால் இரண்டு காரியம் ஆகும். பழைய பிரைமர் டிக் என்று கழன்று கீழே விழும், சுடும்போது உப்பிப்போன கூடு பழைய அளவுக்கு இறுகும். ஏன் உப்புகிறது என்றால், பவுடர் எரியும்போது வருகிற அழுத்தத்தில் பித்தளை விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காருகிற அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டுவதால்தான் வாயு பின்பக்கம் வராமல் இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் சுருங்கும், முழுவதும் சுருங்காது. அந்த மிச்ச உப்பலை டை சரிசெய்கிறது. கைத்துப்பாக்கி டையில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் இருந்தால் எண்ணெய்கூடத் தடவ வேண்டாம். நெம்புகோல் கீழே வரும்போது கைக்கு ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரியும், ஐம்பது கூட்டில் ஒன்று மட்டும் வழக்கத்தைவிட லேசாகப் போனால் எடுத்துப் பாருங்கள், வாயில் மயிரிழை அளவு வெடிப்பு இருக்கும். கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, குண்டு நுழைகிற மாதிரி கூட்டின் வாயை லேசாக விரிப்பது, ஒரு துளி மணி வடிவம் வந்தால் போதும். பிறகு புதுப் பிரைமர். இதை நான் பிரெஸ்ஸில் செய்வதில்லை, கையில் பிடித்து அழுத்துகிற தனிக் கருவி வைத்திருக்கிறேன். பிரைமர் போய் உட்கார்ந்த இடம் கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன், கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் ரிவால்வரில் தோட்டாக்கள் உட்காருகிற உருளையான சிலிண்டர் சுற்றாமல் உரசி நிற்கும், அல்லது சுத்தியல் விழும்போது பிரைமர் உள்ளே நகர்வதற்கே அடி செலவாகிவிட்டு வெடிக்காது.

பவுடர் அளப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கிரெய்ன் என்கிற எடையில் அளக்கிறோம், பார்லி மணியின் எடையிலிருந்து வந்த பழைய அளவு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி, கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் வரும். நாம் தராசில் பார்ப்பதோ கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு. நான் இன்னும் பழைய முள் தராசுதான் வைத்திருக்கிறேன், மின்விசிறியை அணைத்துவிட்டு, மூச்சைக்கூடத் திருப்பி விட்டுக்கொண்டு, முள் மேலும் கீழும் ஆடி மெதுவாகக் கோட்டில் வந்து நிற்பதைப் பார்க்கிற அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, அலுவலகம், மின்னஞ்சல், வீட்டுக்கடன் எதுவும் அந்த ஐந்து விநாடிக்குள் நுழைய முடியாது. தினமும் எட்டு மணி நேரம் திரையைப் பார்த்து, முடிந்ததா முடியவில்லையா என்றே தெரியாத வேலை செய்கிறவனுக்கு, ஐம்பது துளைப் பலகையில் ஐம்பது தோட்டா வரிசையாக நிற்பது கண்ணால் பார்க்கக்கூடிய முடிவு. இந்த நிம்மதி ஓய்வாகச் சாய்ந்து உட்காருவதால் வருவது இல்லை, தம்பி. கவனம் முழுவதையும் இந்த வேலை பிடுங்கிக்கொள்வதால் வருவது. கோலம் போடுகிறவர்களையும் வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள், அந்த வகை.

அதனால்தான், டிவி ஓடவிட்டுக்கொண்டு ஜாலியாகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பீர் ஒரு வாய்கூடக் கூடாது. போன் அடுத்த அறையில்.

போனைப் பற்றி நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆறாவது வருடமோ என்னவோ, பலகையில் ஐம்பது கூடு, பாதி வரிசை பவுடர் போட்டிருக்கிறேன், ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், அதாவது விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து. அடுத்த வாரம் ரேஞ்சில் நான்காவது குண்டு சுடும்போது டமாலென்று வர வேண்டிய சத்தம் பொக் என்று வந்தது. கையில் உதையே இல்லை. பக்கத்து வரிசையில் இருந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், "நிறுத்து, சுடாதே" என்று கத்தினார். நானும் விரலை எடுத்துவிட்டேன். சிலிண்டரைத் திறந்து காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தால் பாதியில் இடிக்கிறது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த ஒரு கூட்டில் பவுடரே இல்லை, பிரைமரின் பலம் மட்டும் குண்டைத் தள்ளிக் கொண்டுபோய் நடுவில் விட்டிருக்கிறது.

இதற்கு ஸ்குயிப் என்று பெயர். இதனால் மட்டும் ஒன்றும் ஆகாது. அடுத்த விசையை அழுத்தினால்தான் ஆபத்து, இரண்டாவது குண்டு முழு வேகத்தில் வந்து முதல் குண்டில் மோதும், குழல் உப்பும் அல்லது பிளக்கும். வேகமாகச் சுடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பொக் சத்தம் மூளைக்கு எட்டுவதற்குள் விரல் அடுத்ததை அழுத்திவிடும். நான் மேலே சொன்ன இரண்டடி தூரம் இதுதான்.

இதற்கு நேர் எதிர்த் தவறு, ஒரே கூட்டில் இரண்டு தடவை பவுடர் விழுவது. .38 ஸ்பெஷலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்தக் கூடு கரும்பவுடர் காலத்துக்கென்று அளவெடுத்தது. கரும்பவுடர் நிறைய வேண்டும், அதற்கேற்ற இடம் உள்ளே இருக்கிறது. இன்றைய புகையில்லாப் பவுடர் அதில் கொஞ்சம்தான் போடுகிறோம், அது அடியில் கிடக்கும், இரண்டு பங்கு விழுந்தாலும் இடம் மிச்சம் இருக்கும். டைட்குரூப் போன்ற பவுடர்கள் அருமையாகச் சுடும், ஆனால் மிகக் குறைவான இடம் எடுக்கும், புதியவருக்கு வேண்டாம் என்பேன். யூனிக் மாதிரி பொதபொதவென்று இடத்தை அடைக்கிற பவுடர் வாங்குங்கள், இரட்டிப்பாக விழுந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

அன்றிலிருந்து என் முறை இது. பவுடர் போடாத கூடுகள் பலகையில் தலைகீழாக நிற்கும், போட்டதும்தான் நிமிர்த்தி வைப்பேன். ஐம்பதும் நிமிர்ந்தபின் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் பார்ப்பேன், எல்லாவற்றிலும் பவுடர் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் இருட்டாகவோ மேடாகவோ இருந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி. நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம், ஆனால் வந்ததும் அந்தப் பலகை முழுவதையும் டப்பாவில் திரும்பக் கொட்டிவிட்டு முதல் கூட்டிலிருந்து. ஐந்து நிமிடம் வீண் என்று தோன்றினால் அன்றைக்குச் செய்யாமல் இருப்பது நல்லது. மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா, அளவைக் கருவியில் மிஞ்சியதை அன்றே அதே டப்பாவில் திருப்பிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துக் குடுவையில் இருப்பது எந்தப் பவுடர் என்று சந்தேகம் வந்தால் அதைத் திரும்ப டப்பாவில் ஊற்றக் கூடாது, அழித்துவிட வேண்டும். பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் தூள், எரிகிற வேகம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும்.

எத்தனை கிரெய்ன் போடுவது என்று நான் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். யார் வாய்வழி சொன்னாலும் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். லைமன், ஹார்னடி, ஸ்பீர் போன்றவர்கள் அச்சிட்ட கையேடுகள் இருக்கின்றன, பவுடர் கம்பெனிகளே தங்கள் அளவுகளை வெளியிடுகிறார்கள். எந்தக் குண்டு, எந்தப் பவுடர், எந்தப் பிரைமர், மொத்த நீளம் எவ்வளவு, எல்லாம் பொருந்த வேண்டும். அதில் போட்டிருக்கிற தொடக்க அளவில்தான் தொடங்க வேண்டும், உச்ச அளவில் இல்லை. அளவைக் கூட்டிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். ஐடஹோ பக்கத்துப் பண்ணைக்காரர் எல்மர் கீத் என்பவர் அப்படி அளவை ஏற்றி ஏற்றிப் பார்த்து .45 கோல்ட் ரிவால்வர் வெடித்தபின் .44 ஸ்பெஷலுக்கு மாறினார், அவருடைய அந்தக் கனமான தோட்டாக்களின் வழியில்தான் 1955-ல் .44 மேக்னம் பிறந்தது. அந்தக் கதையில் வெடித்த ரிவால்வரையும் சேர்த்துப் படியுங்கள்.

வாயில் குண்டை உட்கார வைப்பதும், விரித்த வாயைத் திரும்ப மூடுவதும் கடைசி வேலை. ரிவால்வரில் குண்டின் பள்ளக் கோட்டில் கூட்டின் வாயை உள்பக்கமாக மடக்குகிறோம், இல்லாவிட்டால் முதல் தோட்டா சுடுகிற உதையில் மற்ற தோட்டாக்களின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி, சிலிண்டரையே சுற்றவிடாமல் செய்துவிடும். 9 மி.மீ. போன்ற ஆட்டோ பிஸ்டல் தோட்டாவில் அப்படி மடக்கக் கூடாது, அது கூட்டின் வாய் விளிம்பில்தான் அறைக்குள் தங்கி நிற்கிறது. அங்கே விரிப்பை நேராக்கினால் போதும்.

வீடு வெடிக்குமா என்றீர்களே. புகையில்லாப் பவுடர் திறந்த இடத்தில் எரியும், புஸ்ஸென்று பெரிய மஞ்சள் சுவாலை வரும், அவ்வளவுதான். அடைபட்ட இடத்தில்தான் அழுத்தம் கூடும். அதனால்தான் அதைக் கனமான இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கக் கூடாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு என்எஃப்பிஏ 495 வீட்டில் 20 பவுண்டு வரை பவுடரை அது வந்த டப்பாவிலேயே வைக்கலாம், அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓரங்குல மரப்பெட்டி வேண்டும் என்கிறது. பிரைமர் 10,000 வரை. உள்ளூர் விதி இன்னும் குறைவாக இருக்கலாம், விசாரியுங்கள். பிரைமர்தான் நிஜமான வெடிபொருள். நூறு நூறாகத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி வருவது அழகுக்காக இல்லை, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். தரையில் சிந்தினால் வாக்குவம் கிளீனர் கூடாது, துடைப்பமும் முறமும் எடுங்கள். டெக்சாஸ் கோடையில் கராஜ் கொதிக்கிறது, ஆகவே பவுடரை வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்தால் புளித்த அமில வாசனையோ, செம்பழுப்புத் தூசியோ வந்தால் அந்தப் பவுடர் கெட்டுவிட்டது.

ஈயத்தைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை, வருத்தமாக இருக்கிறது. குண்டில் இருக்கிற ஈயத்தைவிட பிரைமரில் உள்ள ஈயக் கலவைதான் தூசியாகி மூக்கில் போகிறது. மேசையில் தின்பண்டம், காபி எதுவும் கூடாது. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்கிறோம் வீட்டில். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுகிறேன், டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார். சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் டம்ளர் வேலையை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம், தண்ணீரில் ஸ்டீல் ஊசிகளோடு சுழற்றிக் கழுவுகிற முறையில் தூசி பறக்காது.

பணம். கடையில் 9 மி.மீ. மலிவாகக் கிடைக்கிற காலத்தில் அதை வீட்டில் நிரப்பிப் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடிக்க முடியாது. .38 ஸ்பெஷல், .44 ஸ்பெஷல், .45 கோல்ட் போன்றவை கடையில் விலை அதிகம், அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும், கூட்டைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம், அதுவும் .38 மாதிரி குறைந்த அழுத்தத் தோட்டாவில் ஒரே கூடு பல வருடம் வரும். ஒரு பவுண்டு பவுடரில் இலேசான .38 தோட்டா ஆயிரத்துக்கு மேல் நிரப்பலாம். ஆனால் பிரெஸ், டை, தராசு, நீளம் அளக்கிற வெர்னியர் என்று தொடக்கத்தில் சில நூறு டாலர் போகும். கூரியரில் பவுடரோ பிரைமரோ வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் தனி, அதனால் நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குவார்கள். அப்புறம் தட்டுப்பாடு. 2013-லும் 2020, 2021-லும் கடை அலமாரிகள் காலி, 30 டாலர் சுற்றில் கிடைத்த ஆயிரம் பிரைமர் 100 டாலரைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். வீட்டில் கொஞ்சம் இருப்பு வைத்திருந்தவர்கள்தான் அந்த வருடங்களில் நிதானமாகச் சுட்டார்கள். உண்மையைச் சொன்னால் மிச்சமாகிற காசு என்னிடம் தங்கவில்லை, முன்னைவிட இரண்டு பங்கு சுடுகிறேன், நன்றாகவும் சுடுகிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? உங்களிடம் இருக்கிற .38 ஸ்பெஷலே நல்ல தொடக்கம், இதைவிட நல்லது கிடையாது. அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000. சின்னக் கூட்டில் அவ்வளவு அழுத்தம் என்பதால் 9 மி.மீ.யில் குண்டு ஒரு துளி ஆழமாக உட்கார்ந்தாலும் அழுத்தம் வேகமாக ஏறும். .38 நீண்ட கூடு, விரலால் பிடிக்க வசதி, சுட்ட கூடு புல்லில் பறந்து தொலையாமல் சிலிண்டரிலேயே இருக்கும். பிரெஸ் ஒற்றை நிலையிலேயே வாங்குங்கள். டில்லன் 550 மாதிரி இயந்திரத்தில் நாலு நிலையில் நாலு கூட்டுக்கும் ஒரே இழுப்பில் வேலை நடக்கும், மணிக்கு 400 தோட்டா வரும், போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் நாலு காரியத்தை ஒரே நேரத்தில் கவனிக்கிற கண் முதல் வருடத்தில் யாருக்கும் வராது, நீங்கள் கேட்கிற நிம்மதியும் அதில் குறைவு. என் வேகம் மணிக்கு ஐம்பது, மிஞ்சிப்போனால் எழுபது. அதுவும் வேண்டாம், கைக்கு அடக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால், ரிச்சர்ட் லீ 1958-ல் கொண்டுவந்த லீ லோடர் இன்னும் கிடைக்கிறது, மரச் சுத்தியல் ஒன்று போதும், சமையலறை மேசையிலேயே தட்டித் தட்டி நிரப்பலாம். அதில் பிரைமரைத் தட்டி ஏற்றும்போது எப்போதாவது ஒன்று டப்பென்று வெடிக்கும், ஆகவே கண்ணாடி கட்டாயம். கண்ணாடி எதிலும் கட்டாயம்தான்.

பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால் ஒரு மாலையில் கற்றுக்கொள்வதைத் தனியாக ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் ரேஞ்சிலேயே கேளுங்கள், வயதானவர்கள் ஆசையாகச் சொல்லித்தருவார்கள்.

முதல் தடவை பத்துத் தோட்டாவுக்கு மேல் நிரப்பாதீர்கள். கையேட்டின் தொடக்க அளவு, பத்தையும் தனித்தனியாகத் தராசில் நிறுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து, காலி ரிவால்வரின் சிலிண்டரில் போட்டு அது தன்னால் விழுந்து உட்காருகிறதா என்று பாருங்கள். பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டி தேதி, பவுடர் பெயர், எடை, குண்டின் எடை, பிரைமர் எல்லாம் எழுதுங்கள், என்னிடம் 2009-ல் நிரப்பிய பெட்டி ஒன்று இருக்கிறது, அந்தச் சீட்டு இருப்பதால்தான் அதைச் சுட முடிகிறது. ரேஞ்சில் ஒரு தோட்டா போட்டு ஒன்று சுடுங்கள், சத்தத்தைக் கேளுங்கள், தாளில் துளை விழுந்ததைக் கண்ணால் பார்த்தபின் அடுத்தது. சத்தம் சந்தேகமாக இருந்தாலோ, துளை காணவில்லை என்றாலோ சிலிண்டரைத் திறந்து காலி செய்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பத்தும் சரியாகப் போனால் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை இருபது நிரப்பலாம்.